அவங்க அப்படித்தான்!

‘பையைப் பார்த்தே’ என்று பை பையாக வாதங்களைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! பந்தலுக்கு உள்ளே உட்கார்ந்தும், இடம் கிடைக்காமல் வெளியே பனை மூட்டில் சாய்ந்து நின்றும் கேட்டுக்கொண்டிருக்கிற கூடங்குளத்துப் பெருமக்களே, தாய்மார்களே!

‘ஏழையை நாம் எடை போடுவது பையைப் பார்த்தா? பிறப்பைப் பார்த்தா?’ இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால பேசின பேராசிரியை அம்மா என்ன சொன்னாங்க? “இந்தக் காலத்துல யாருங்க சாதி பாக்கிறா? கையில காசு இருந்தா கும்பிடு. இல்லேன்னா கும்பிட்டாலும் திரும்பிப் பாக்க ஆள் கிடையாது”ன்னாங்க. நீங்க கை தட்டுனீங்க. நானும் தட்டுனேன். நல்லாப் பேசினா தட்டணும்ல!

ஆனா அம்மா, நான் முப்பது வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தவன். ‘யாருமே பாக்கிறதில்லை’ன்னு சொன்னா எனக்கு எண்ணிப் பாக்கணும்னு தோணும். தில்லியில உள்ள தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் கழகமும் அமெரிக்காவில் உள்ள மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து 2011-12இல் இந்தியா முழுக்க ஏறத்தாழ 42,000 வீடுகள்ல போய்க் கேள்வி கேட்டாங்க. அதில நூற்றுக்கு 27 வீட்டுக்காரங்க, “ஆமா, எங்க வீட்டில தீண்டாமை பாக்கிறது உண்டு”ன்னு ஒத்துக்கிட்டாங்க. ஒத்துக்கிட்டவங்கதான் 27! ஒளிச்சு வச்சவங்க கணக்கு நமக்கு வராது. வீட்டு வாசல்ல முன்பின் தெரியாத ஒரு ஆள் நோட்டும் பேனாவுமா வந்து நிக்கும்போது, தன் குறையை எத்தனை பேர் சொல்லுவான்?

சரி, புள்ளிவிவரத்தை விடுங்க. உங்க தெருவுக்கே வாரேன். ஒரே தெருவில ரெண்டு ஏழை. ரெண்டு பேர் சட்டைப் பையிலயும் அதே பத்து ரூபாய்தான். ஒருத்தரைப் பார்த்து என்ன சொல்லுதோம்? “பாவம்! வாழ்ந்து கெட்ட குடும்பம். தாத்தா காலத்துல எப்படி இருந்தாங்க தெரியுமா?” இன்னொருத்தரைப் பார்த்து என்ன சொல்லுதோம்? “அவங்க அப்படித்தான்.” (கைத்தட்டல்) பை ஒண்ணுதான் ஐயா! ஒருத்தருக்கு வறுமை வழியில வந்த விபத்து. இன்னொருத்தருக்கு அதே வறுமை கூடப் பிறந்த குணம். இந்த வித்தியாசத்தைப் பையா சொல்லிச்சு?

அதே மாதிரிதான் குடியும். எதிரணித் தம்பி சொன்னாரு, “ஏழை குடிச்சே அழியுதான்”னு. பணக்காரன் குடிச்சா அதுக்குப் பேரு பார்ட்டி. ஆபீசர் குடிச்சா சோஷியல் டிரிங்க்ஸ். வாழ்ந்து கெட்ட வீட்டுப் பிள்ளை குடிச்சா, “மனக் கவலை, என்ன செய்வான்!” கூலிக்காரன் குடிச்சா மட்டும், “அவங்க அப்படித்தான்.” ஒரே கடை, ஒரே பாட்டில், தீர்ப்பு மட்டும் நாலு.

நெல்லைச் சீமைக்காரங்க நாம மரியாதை தெரிஞ்சவங்க. சாதியை நேரா கேக்க மாட்டோம். வாடகைக்கு வீடு கேட்டுப் போனா முதல் கேள்வி, “சாருக்கு எந்த ஊரு?” ஊர்ப் பேரைச் சொன்னா, “அங்க எந்தத் தெரு?” தெருவைச் சொன்னா, “கோயிலுக்குக் கீழ்ப்புறமா, மேல்புறமா?” போஸ்ட்மேன்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டாரு! (சிரிப்பு) அப்பவும் பிடிபடலேன்னா, “கொடை எந்தச் சாமிக்கு?”ன்னு கேப்பாங்க. சாமியைச் சொன்னா ஆளைச் சொன்ன மாதிரி.

என்கூட ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஆசிரியர் ஒருத்தர் கடற்கரை ஊர்க்காரர். எனக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம். ஒரே நாள்ல சேர்ந்தோம். பாளையங்கோட்டையில ரெண்டு பேருமா வீடு தேடினோம். எனக்கு மூணாவது வீடு கிடைச்சுது. அவருக்கு ஒரு வீட்டுக்காரர் என்ன சொன்னாரு தெரியுமா? “சார் தங்கமானவர்தான். ஆனா வீட்டில மீன் வாசம் வந்திரும்.” இதில வேடிக்கை என்னன்னா, அந்த மனுஷன் பிறவியிலேயே மீன் ஒத்துக்காதவர்! வாரம் நாலு நாள் மீன் தின்னுதவன் நான். எனக்கு வீடு. மீனைத் தொடாத மனுஷனுக்கு மீன் வாசம். பேராசிரியை அம்மா, பையைத்தான் பாக்கிறாங்கன்னா ரெண்டு பேருக்கும் மாசம் முதல் தேதி ஒரே தொகைதானே வந்தது?

இப்ப இந்த மண்ணோட கதைக்கு வாரேன். இங்கேயிருந்து கிழக்கே, திசையன்விளைக்குப் பக்கத்தில் இடையன்குடி. 1841இல் அங்கே வந்து குடியேறினார் கால்டுவெல். தமிழுக்கு அவர் செய்த தொண்டை இந்த மேடையில நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்லை. 1856இல் வந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைக் கும்பிட்டு எடுத்துக்கிடணும். ஆனா அதுக்கு ஏழு வருஷம் முன்னால, 1849இல், அதே கால்டுவெல் ‘திருநெல்வேலிச் சாணார்கள்’னு இங்கிலீஷில் ஒரு சின்னப் புத்தகம் எழுதினாரு. யாரைப் பத்தி? பனையேறிகளைப் பத்தி. இந்தப் பந்தல்ல உட்கார்ந்திருக்கிற பாதிப் பேரோட பாட்டன் பூட்டனைப் பத்தி. என் பாட்டனைப் பத்தி. யோசிக்கும் சக்தி குறைஞ்ச மக்கள், மந்தமானவங்க என்ற பொருள்பட அதில எழுதியிருக்காரு. இலங்கையிலிருந்து வந்த இனம் என்றும் சொன்னாரு.

இங்கதான் நீங்க கவனிக்கணும். கால்டுவெல் கெட்டவர் இல்லை. நம்ம பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினவர். அவருடைய துணைவியார் நம்ம பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவங்க. நல்லவருடைய கண்ணுக்கே அப்படித் தெரிஞ்சுதுன்னா மத்தவங்க கண்ணைப் பத்தி என்ன சொல்ல!

அவர் பார்த்த அந்த ‘மந்தமான’ மனுஷன் அன்னைக்கு என்ன செஞ்சான்? கணக்குப் போட்டுப் பாப்போம். விடியுமுன்னே அரிவாள்பெட்டியை இடுப்பில கட்டுவான். ஒரு ஆளுக்கு முப்பது மரம்னு குறைச்சே வைங்க. ஒரு மரம் நாப்பது அடி. காலையில ஒரு தடவை ஏறி இறங்கணும், சாயங்காலம் ஒரு தடவை ஏறி இறங்கணும். முப்பது பெருக்கல் ரெண்டு பெருக்கல் நாப்பது. ஒரு நாளைக்கு 2,400 அடி ஏத்தம்! மூணு நாளைக்கு ஒருக்கா அகத்தியமலை உச்சிக்கே ஏறி இறங்கின கணக்கு. அதுவும் எப்படி? நெஞ்சை மரத்தில தேய்ச்சு. மேல போனா பாளையை எந்தப் பக்கம் சீவணும், எவ்வளவு சீவணும், கலயத்தில சுண்ணாம்பு எவ்வளவு தடவணும், எல்லாம் கையளவுதான். கொஞ்சம் கூடினாலும் கெட்டுது, குறைஞ்சாலும் புளிச்சுது. கீழே விடிலியில பெண்டாட்டி பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊத்துவா. பாகு எந்த நொடியில இறக்கணும்னு அவளுக்குத்தான் தெரியும். இத்தனையும் செஞ்சுட்டு ராத்திரி வந்து உட்கார்ந்து, வெள்ளைக்காரத் துரை வேதாந்தம் பேசும்போது கண்ணைச் சொருகினான் பாருங்க, அதுக்குப் பேரு மந்த புத்தி! (சிரிப்பு, கைத்தட்டல்) தூக்கம்னு தெரியலை அவருக்கு. உழைச்ச அசதியைப் பிறவிக் குணம்னு எழுதிட்டாரு.

அவராவது பக்கத்தில இருந்து பார்த்தாரு. அடுத்த தலைமுறையில அளவுகோலை எடுத்துக்கிட்டு வந்தாங்க. சென்னை மியூசியத்தில் தலைவரா இருந்த எட்கர் தர்ஸ்டன் ஊர் ஊரா ஆளைப் பிடிச்சுத் தலையை அளந்தாரு, மூக்கை அளந்தாரு. 1909இல் ஏழு தொகுதியாப் புத்தகம் வந்தது. வடக்கே ரிஸ்லின்னு ஒரு துரை, மூக்கு அகலமாக ஆக அந்தஸ்து குறையும்னே சொல்லிட்டாரு. நடுவர் ஐயா, தப்பா நினைக்கக் கூடாது, நான் உங்க மூக்கைப் பாக்கலை! (சிரிப்பு) அந்த அளவுகோல் இன்னைக்கு மியூசியத்துக்குப் போயிட்டுது. ஆனா “ஆளைப் பார்த்தாலே தெரியுதே”ன்னு சொல்லுதோமே, அது மட்டும் என்ன? மூக்களக்கிற வேலைதான். அளவுகோல் இல்லாம அளக்கோம், அவ்வளவுதான்.

உடனே எதிரணித் தலைவர் எழுந்திருச்சுச் சொல்லுவாரு, “அந்த மக்கள் இன்னைக்கு முன்னேறிட்டாங்களே! காசு வந்தது, இழிவு போச்சு. எங்க கட்சிதான் ஜெயிச்சுது!” அண்ணாச்சி, உட்காருங்க. காசு எப்ப வந்தது, இழிவு எப்ப போச்சுன்னு வரிசையாப் பாப்போம்.

கமுதியில கடை கண்ணி வச்சு நல்லாச் சம்பாதிச்ச நாடார் வணிகர்கள் 1897இல் மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள்ள போனாங்க. பையில பணம் இருந்தது. விட்டாங்களா? வழக்கு. கீழ்க் கோர்ட்டு, மேல் கோர்ட்டு, கடைசியில லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. லண்டன் வரைக்கும் வழக்கு நடத்தணும்னா காசு எவ்வளவு வேணும்? காசு இருந்தது, நடத்தினாங்க. 1908இல் தீர்ப்பு வந்தது. என்ன தீர்ப்பு? நுழைய உரிமை இல்லை! சிவகாசியில 1899 ஜூன் மாசம் என்ன நடந்தது? கோயில் நுழைவுத் தகராறு முத்தி, ஊரையே சூறையாடினாங்க. பிச்சைக்காரன் வீட்டையா சூறையாடினாங்க? பண்டகசாலை வச்சிருந்தவன் வீட்டை! ஏழையா இருந்தா “அவன் அப்படித்தான்.” பணக்காரன் ஆனா “இவனுக்கு இவ்வளவு திமிரா?” பணம் வந்தா மதிப்பு வரும்னா, பணம் வந்ததாலேயே அடி விழுந்துதே, அது எந்தக் கணக்கில சேரும்?

மேற்கே திரும்பினா திருவிதாங்கூர். நம்ம பெண்கள் மேலாடை போடுறதுக்கே பல வருஷம் அடிபட்டு, 1859இல்தான் ராஜா உத்தரவு போட்டாரு. துணி வாங்கக் காசில்லாமலா அந்தத் தாய்மார்கள் நெஞ்சை மூடாம இருந்தாங்க?

முன்னேற்றம் சும்மா வரலை. விருதுநகர்ல வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து வச்சு, 1889இல் சத்திரிய வித்தியாசாலை நடத்தினாங்க. பின்னால காமராஜர் படிச்ச பள்ளிக்கூடம் அது. வியாபாரத்தில ஒரு பங்கை மகமைன்னு ஒதுக்கினாங்க. 1910இல் மகாஜன சங்கம். 1921இல் தூத்துக்குடியில பேங்க். அதே 1921 கணக்கெடுப்பில்தான் ‘நாடார்’ங்கிற பேரையே சர்க்கார் ஏட்டில ஏத்த முடிஞ்சுது. மதுரை மீனாட்சியை உள்ளே போய்க் கும்பிட 1939 ஜூலை ஆச்சு. வைத்தியநாதையர் கூட்டிக்கொண்டு போனது தாழ்த்தப்பட்ட மக்களையும் ஒரு நாடாரையும் சேர்த்துத்தான்! கமுதியிலிருந்து மதுரைக்கு எத்தனை மைல்? போய்ச் சேர நாப்பத்திரண்டு வருஷம். (கைத்தட்டல்)

இன்னைக்கு மெட்ராஸ் பூரா ‘அண்ணாச்சி கடை’. ஜனங்க என்ன சொல்லுதாங்க? “வியாபாரம் அவங்க ரத்தத்திலேயே இருக்கு!” அடப்பாவிகளா! நூத்தி எழுபது வருஷம் முன்னால இதே ரத்தத்தில மந்தம் இருந்தது, இப்ப வியாபாரம் இருக்கா? ரத்த வங்கிக்காரன்கூட இப்படி மாத்த முடியாதே! ஏழையா இருந்தப்பவும் ரத்தம், பணக்காரன் ஆனப்பவும் ரத்தம். பிடியரிசி கண்ணுக்குத் தெரியலை. மகமை தெரியலை. பள்ளிக்கூடம் தெரியலை.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லைங்க. மார்ட்டின் லூதர் கிங் 1959இல் இந்தியா வந்தாரு. நேரு வீட்டில விருந்து சாப்பிட்டாரு. அப்புறம் திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனப்ப, அந்தத் தலைமையாசிரியர் அவரைப் பிள்ளைகளுக்கு எப்படி அறிமுகப்படுத்தினாரு தெரியுமா? “அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிற உங்களைப் போன்ற தீண்டத்தகாதவர்” அப்படின்னு! கிங்குக்குச் சுருக்குன்னுது. அப்புறம் யோசிச்சாரு. பணக்கார தேசத்தில் சேரிகளில் அடைபட்டுக் கிடக்கிற தன் ஜனங்களை நினைச்சாரு. ஆமா, நான் தீண்டத்தகாதவன்தான்னு ஒத்துக்கிட்டாரு. இதை அவரே பின்னால ஒரு பிரசங்கத்தில் சொல்லியிருக்காரு.

அந்த அமெரிக்காவில் மார்ட்டின் கிலென்ஸ்னு ஒரு பேராசிரியர் பெரிய வாரப் பத்திரிகைகளை எடுத்து வச்சு, 1988லேர்ந்து 1992 வரைக்கும் வந்த ஏழைகள் படத்தை எல்லாம் எண்ணினாரு. எண்ணினாரு ஐயா, என்னை மாதிரி ஆளு! அந்த நாட்டில நூறு ஏழைகளில் கறுப்பர் 29 பேர். பத்திரிகைப் படத்தில நூற்றுக்கு 62. ஏழைன்னா யாருன்னு படம் போட்டவன் மனசில முன்னாலேயே ஒரு முகம் இருந்திருக்கு. நம்ம நாட்டிலயும் சுகதேவ் தோரட்டும் அமெரிக்கப் பேராசிரியர் அட்டவெல்லும் ஒரு சோதனை செஞ்சாங்க. ஒரே படிப்பு, ஒரே தகுதி, பேரை மட்டும் மாத்தி, பத்திரிகையில விளம்பரம் வந்த தனியார் வேலைக்கெல்லாம் மனுப் போட்டாங்க. 2007இல் முடிவு வந்தது. மேல்சாதிப் பேருக்குக் கிடைச்ச வாய்ப்பில் தலித் பேருக்குக் கிடைச்சது மூணில ரெண்டு பங்குதான். மனுவில பை ஏது? பேர்தானே இருந்தது!

இப்ப நம்ம பக்கம் திரும்புதேன். கோபப்படாம கேக்கணும்.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளிங்க 1999 ஜூலை 23ஆம் தேதி திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமா வந்தாங்க. கூலியைக் கூட்டிக் குடுங்க, ஜெயில்ல இருக்கிற எங்க ஆட்களை விடுங்கன்னு கேட்டாங்க. போலீஸ் தடியடி. தாமிரபரணியில பதினேழு உயிர் போச்சு, அதில ஒண்ணு கைப்பிள்ளை. நான் அப்ப பாளையங்கோட்டையில இருந்தேன். மறுநாள் டீக்கடையில பேச்சு எப்படி இருந்தது தெரியுமா? கூலி எவ்வளவு கேட்டாங்கன்னு ஒருத்தன் விசாரிக்கலை. “அந்த ஆளுக ஊர்வலம்தானே”ன்னு முடிச்சுட்டாங்க. கேட்டது கூலி, காதில விழுந்தது சாதி. அந்தக் கடையில அன்னைக்கு டீ குடிச்சுக்கிட்டிருந்ததும் மாஞ்சோலைத் தூள்தானோ என்னவோ!

இன்னும் பக்கத்தில, இங்கேயிருந்து நடந்து போற தூரத்தில இடிந்தகரை. 2011இல் மாதா கோயில் முன்னால பந்தல் போட்டு உட்கார்ந்தாங்க. நம்ம ஊர் ஜனங்களும் போனாங்க. அணு உலை வேணுமா வேண்டாமாங்கிறது இன்றைய தலைப்பு இல்லை. அதில இந்தப் பந்தலுக்குள்ளேயே ரெண்டு கட்சி உண்டு, அங்க வேலை பாக்கிறவங்களும் உட்கார்ந்திருக்கீங்க. நான் கேக்கிறது வேற. பட்டணத்தில ஒரு காலனியில செல்போன் டவர் வேண்டாம்னு மனுக் குடுத்தா, அதுக்குப் பேரு ‘குடியிருப்போர் நலச் சங்கம்’. டி.வி.யில கூப்பிட்டு உட்கார வச்சுக் கருத்துக் கேப்பாங்க. பீடி சுத்துற, மீன் விக்கிற பொம்பளைங்க உட்கார்ந்தா? “யாரோ தூண்டிவிட்டுட்டாங்க.” “வெளிநாட்டுப் பணம்.” “மீன் பிடிக்கிறவனுக்கு அணுவைப் பத்தி என்ன தெரியும்?” பெங்களூர்லேர்ந்து மனநல மருத்துவர்களை அனுப்பிப் புத்தி சொல்லலாம்னுகூட 2012இல் பேச்சு வந்தது! ஆயிரக்கணக்கான பேர் மேல தேசத்துரோக வழக்கு. கடற்கரைக்காரன் யோசிப்பான்னு யாருக்குமே தோணலை. 1849இல் பனையேறி யோசிப்பான்னு தோணலை பாருங்க, அதே மாதிரி. அன்னைக்கு இங்கிலீஷில் எழுதினாங்க. இன்னைக்கு நல்ல தமிழ்ல, நம்ம வாயாலேயே, “கடக்கரைக்காரன் முரடன்”னு சொல்லுதோம். காலனிக்காரங்களைப் பத்தி நாம சொல்லுறதை இந்த மைக்கில சொல்ல முடியுமா? டி.வி.க்காரங்க வெட்டிருவாங்க. (நீண்ட கைத்தட்டல்)

கை தட்டுறீங்க, சந்தோஷம். நடுவர் ஐயா மணியில கை வச்சிட்டாங்க. ஒரு நிமிஷம் ஐயா, ஒரே ஒரு கணக்கு பாக்கி இருக்கு.

நாங்குநேரி. 2023 ஆகஸ்ட் 9. கூடப் படிக்கிற பையன்களே வீடு புகுந்து ஒரு மாணவனை வெட்டினாங்க. தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அதுக்கப்புறம் நீதிபதி சந்துரு தலைமையில் போட்ட குழு, 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தது. பிள்ளைங்க கையில சாதிக்கு ஒரு வண்ணமாக் கட்டுற கயிறைத் தடை செய்யணும்னு அதில சொல்லியிருக்கு. நான் கேக்கேன், எதிரணித் தம்பி அடுத்து வந்து பதில் சொல்லட்டும். பதினஞ்சு வயசுப் பையனுக்குப் பை ஏது? புத்தகப் பைதான். அதுவும் அரசாங்கம் இலவசமாக் குடுத்த பை. எல்லார் தோள்லயும் ஒரே பை, ஒரே நிறம், ஒரே படம். யூனிபார்மும் ஒண்ணு. சைக்கிளும் ஒண்ணு. சத்துணவுத் தட்டும் ஒண்ணு. அப்ப அந்தக் கயிறு எதைப் பார்த்துக் கட்டினது?

மணி அடிச்சிட்டாங்க. தம்பி, மைக் உங்களுக்கு.